"விக்டோரியா காலத்துச் சாமான்" என்றால் நம்பிவிடலாமா?

பழைய சாமான் வியாபாரத்தில் "அந்தக் காலத்துப் பொருள்" என்ற சொல்லுக்கே தனி விலை உண்டு. ஸ்கொட்லாந்து நாட்டு ஸ்பொரன் இதற்கு நல்ல உதாரணம். அந்நாட்டு ஆண்கள் அணியும் கில்ட் உடையில் பொக்கெட் கிடையாது. எனவே இடுப்பில் பட்டி கட்டி முன்பக்கம் தொங்கவிடும் பணப்பையே ஸ்பொரன் ஆகும்.

18ஆம் நூற்றாண்டின் ஸ்பொரன் பெரும்பாலும் மான் தோலால் ஆன சுருக்குப் பை. சிலவற்றின் வாயில் பித்தளைப் பூட்டு இருக்கும். 1747 முதல் 1782 வரை ஹைலண்ட் உடைக்குத் தடை இருந்தது. இராணுவத்துக்கு மட்டும் விலக்கு. எனவே அந்தக் காலத்துப் பொருள் என்று ஒருவர் மலிவாகத் தந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

நீண்ட முடியும் குஞ்சங்களும் கொண்டவை விக்டோரியா காலத்தில் பெயர் பெற்றவை. பிளக் வொச் படைப்பிரிவுக்கு வெள்ளை முடியில் ஐந்து கறுப்புக் குஞ்சங்கள். ஆர்கைல் அன்ட் சதர்லண்ட் படைப்பிரிவுக்கு ஆறு. ஆனால் குஞ்சத்தை எண்ணி வயது சொல்ல முடியாது. அதே மாதிரிகளை 20ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். பைப் வாத்தியக் குழுக்கள் இன்றும் அணிகின்றன. சின்னம் ஓரளவு உதவும். ஆர்கைல் அன்ட் சதர்லண்ட் என்ற படைப்பிரிவே இரு படைகளை இணைத்து 1881இல்தான் உருவானது. அந்தப் பெயர் பொறித்த பையை 1850 என்று விற்க வருபவரை என்னவென்று சொல்வது!

உண்மையான சாட்சி வெள்ளிப் பூட்டின் முத்திரைதான். எடின்பரோவில் சோதிக்கப்பட்ட வெள்ளியில் மூன்று கோபுரக் கோட்டை இருக்கும். அத்துடன் 1759 முதல் 1975 வரை முட்செடிப் பூ, பின்னர் சிங்கம். அரசரின் தலை உருவமும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. அதை அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும். கிளாஸ்கோவின் மரம், பறவை, மணி, மீன் முத்திரை இருந்தால் 1964க்குப் பிந்தியதல்ல. அந்த அலுவலகம் அவ்வாண்டில் மூடப்பட்டது. "ஈ.பி.என்.எஸ்." என்றிருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே, 1840க்கு முந்தியதாக இருக்க முடியாது. குரோம் பூச்சு என்றால் 1920களிலோ அதற்குப் பின்னரோ.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முத்திரை சொல்வது உலோகத்தின் வயதை மட்டுமே, பையின் வயதை அல்ல. பழைய வெள்ளிப் பூட்டைக் கழற்றிப் புதுத் தோலில் பொருத்துவது சுலபமான வேலை. பையைத் திருப்பிப் பாருங்கள். பூட்டில் பயன்படாத பழைய தையல் துளைகள் இருக்கின்றனவா? உள்ளே சிப் அல்லது புத்தம் புதிய துணி இருக்கிறதா? இருந்தால் பூட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

20ஆம் நூற்றாண்டு ஸ்பொரன்கள் பல சீல் என்ற கடல் விலங்கின் தோலால் ஆனவை. அமெரிக்கா 1972இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2009இலும் சீல் பொருட்களைக் கட்டுப்படுத்திச் சட்டம் கொண்டுவந்தன. நூறாண்டு கடந்த பொருள் என்று நிரூபித்தால் அமெரிக்காவில் சலுகை கேட்கலாம். அதற்கு ஆதாரம் எழுத்தில் வேண்டும். விற்பவரிடம் ஆண்டையும் அதற்கான காரணத்தையும் பில்லிலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். எழுத மறுத்தால் பணத்தைப் பொக்கெட்டிலேயே வைத்துக் கொள்ளலாம்.