கார்க் கதவும் கண்ணாடியும்: வீட்டிலேயே ஒரு கைவைத்தியம்

சில வருடங்களுக்கு முன், தில்லிக் குளிரில் ஒரு விடியற்காலை 3 மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் சாவியைத் திருப்பினால், கார் 'கடக்' என்றதோடு சரி. பக்கத்து வீட்டு சர்தார்ஜி எழுந்து வந்து தம் வண்டியில் அழைத்துப் போனார். மனைவி பிழைத்தாள். காரணம் மறுநாள் தெரிந்தது. கார் உள்விளக்கு 2 நாட்களாக எரிந்திருக்கிறது! உறை போட்டு மூடியிருந்ததால் என் கண்ணில் படவில்லை. 35 வருடம் ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்தவன் வீட்டில் இந்தக் கூத்து.

கணக்கு எளிது. 10 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 20 ஆம்பியர்-மணி. சிறிய கார் பேட்டரியின் கொள்ளளவோ 35தான்.

பழைய கார்களில், கதவு மூடும் இடத்தில் தூணில் ஒரு சிறு முளை தெரியும். அதுதான் கதவு ஸ்விட்ச். கதவைத் திறந்தால் ஸ்பிரிங் முளையை வெளியே தள்ள, ஒயர் கார் உடம்போடு சேர்ந்து 'எர்த்' ஆகி விளக்கு எரியும். என் காரில் முளையின் ரப்பர் தொப்பி ஓட்டையாகி, கதவை மூடினாலும் முளை முழுக்க அமுங்கவில்லை. விளக்கு எரியாமலே இருந்தால் பெரும்பாலும் துருதான் காரணம்.

முதலில் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஸ்விட்சின் ஒற்றை ஸ்குரூவைக் கழற்றி மெதுவாக வெளியே இழுங்கள். ஒயரை ஒரு நூலால் கட்டிவிட்டுப் பிறகு ஸ்விட்சைப் பிரியுங்கள். இல்லாவிட்டால் ஒயர் தூணுக்குள் விழுந்து உங்களைப் படாதபாடு படுத்தும். ஸ்விட்சும் ஸ்குரூவும் கார் உடம்பைத் தொடும் இடங்களை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்தாலே பாதி வியாதி தீரும். புதிய கார்களில் இந்த ஸ்விட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடுத்து, மந்தமாக ஏறும் பவர் விண்டோ கண்ணாடி. 'மோட்டார் போச்சு' என்று மெக்கானிக் சொல்லுமுன் நீங்களே மூன்று சோதனைகள் செய்யலாம். எல்லாக் கண்ணாடிகளும் மந்தமா? இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் பேட்டரியைக் கவனியுங்கள். ஒரு கண்ணாடி மட்டும் டிரைவர் பக்க ஸ்விட்சில் வேலை செய்யாமல், தன் கதவு ஸ்விட்சில் நன்றாக வேலை செய்கிறதா? டிரைவர் பக்க ஸ்விட்சையே சந்தேகியுங்கள். கதவை ஆட்டும்போது விட்டுவிட்டு வேலை செய்தால், கீலருகே ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், நம் தில்லிப் புழுதிதான் குற்றவாளி. கண்ணாடியை இறக்கி, ஈரத்துணி சுற்றிய பழைய ஸ்கேலால் ரப்பர் பள்ளத்தைத் துடையுங்கள். உலர்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும், ரப்பரும் கெடும்.

'மெதுவாக ஏறினால் என்ன?' என்று விட்டுவிடாதீர்கள். பாரவண்டியோடு மேடேறும் ரயில் எஞ்சினின் மோட்டாரைப் போல, மோட்டார் திணறத் திணற அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். 50 ரூபாய்த் துணி வேலையை விட்டால் ஆயிரக்கணக்கில் போகும்.

ஓர் எச்சரிக்கை. கதவு உட்பலகையை நீங்களே பிரிக்காதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அதன் சென்சார் கதவுக்குள் இருக்கலாம். சோதிக்கும்போது குழந்தைகளின் கை கண்ணாடிப் பக்கம் வரக்கூடாது.

இப்போதெல்லாம் காருக்கு உறை போடுமுன், உள்விளக்கு அணைந்ததா என்று என் மனைவியே எட்டிப் பார்க்கிறாள். நீங்களும் இன்றிரவு ஒரு முறை பாருங்கள்.