ஃபேன் இரைகிறதா? ஆடியோ டிரைவரைப் பாருங்கள்

லேப்டாப்பில் ஒரு பாட்டு ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஃபேன் இரைகிறது, கீபோர்டின் மேல்பக்கம் தொட்டால் சுடுகிறது, சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. ஒருவர் வைரஸ் என்கிறார், இன்னொருவர் ரேம் போதாது என்கிறார், ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் வேறொருவர். இதற்கெல்லாம் தலையாட்டும் முன் ஆடியோ டிரைவரை (ஸ்பீக்கரையும் மைக்கையும் விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோளாறு அங்கே இருந்தால் காசு செலவில்லாமல் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

எங்கே பார்ப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் (எந்த மென்பொருள் எவ்வளவு உழைப்பை வாங்குகிறது என்று காட்டும் பலகை) திறக்கும். அதில் ‘சிபியு’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பது மேலே வந்து நிற்கும். ‘விண்டோஸ் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசோலேஷன்’ என்ற நீளமான பெயர் அங்கே இருக்கிறதா? அல்லது ரியல்டெக், வேவ்ஸ், டால்பி, நாஹிமிக், கோனெக்ஸன்ட் என்று தொடங்கும் ஏதாவது? இருந்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

எவ்வளவு இருந்தால் அதிகம்? சத்தம் எதுவும் இல்லாதபோது அந்த வரியில் பூஜ்யமோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது ஓரிரு சதவீதம் ஏறுவது இயல்பு. பத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும்.

“வெறும் 12 சதவீதம்தானே, அதற்கா இவ்வளவு சூடு?” என்று கேட்பீர்கள். இன்றைய பிராசஸர் ஒரே நேரத்தில் பல வேலை வரிசைகளை ஓட்டுகிறது. டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘லாஜிக்கல் பிராசஸர்ஸ்’ என்ற இடத்தில் அந்த எண்ணிக்கை இருக்கும். உங்களுடையது 8 என்றால், 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆடியோ வரி 12, 13 என்று அசையாமல் நின்றால், ஒரு வரிசை முழுவதும் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 4 உள்ள பழைய லேப்டாப்பில் இதே கோளாறு 25 என்று தெரியும். ஒரே ஒரு வரிசை ஓய்வில்லாமல் ஓடினாலும் பிராசஸர் வேகத்தை ஏற்றிப் பிடித்துக்கொள்ளும். மூடி வைத்த மற்ற வேலைகளெல்லாம் உறங்கினாலும் அது உறங்காது. சூடும் பேட்டரிச் செலவும் அங்கிருந்துதான் வருகின்றன.

அந்த நீளப் பெயர் வைரஸா? பெரும்பாலும் இல்லை, அது விண்டோஸின் சொந்த உறுப்பு. சந்தேகமிருந்தால் அதன்மேல் வலது சொடுக்கிட்டு ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32 திறந்தால் அசல். வேறு எங்காவது திறந்தால் உடனே விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

விண்டோஸின் சொந்த உறுப்பு என்றால் பழியை ஏன் டிரைவர்மேல் போடுகிறேன்? 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி வேலையின் பெரும்பகுதியை இயங்குதளத்தின் கருவிலிருந்து வெளியே எடுத்துத் தனி அறையில் வைத்தது. அந்த அறைதான் இந்த ‘ஐசோலேஷன்’. லேப்டாப் கம்பெனி சேர்த்து அனுப்பும் ஒலி மெருகூட்டல்கள் (பேஸ் கூட்டுவது, சின்ன ஸ்பீக்கரைப் பெரிதாகக் கேட்கவைப்பது, மைக்கில் இரைச்சலைக் குறைப்பது) எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று கெட்டால் கம்ப்யூட்டர் மொத்தமும் முடங்காமல் தப்பிக்கிறது. ஆனால் கெட்டது இழுக்கும் உழைப்பு விண்டோஸின் கணக்கில் விழுகிறது.

சாதாரண அமைப்பில் ஒலி ஒரு நொடிக்கு 48,000 துளிகளாக வருகிறது, இடது காதுக்குத் தனியாக, வலது காதுக்குத் தனியாக. விண்டோஸ் அதைப் பத்து மில்லி நொடிக்கு ஒரு முறை, 480 துளி கொண்ட கட்டாக எடுத்துச் செயல்படுத்துகிறது. நீங்கள் போட்டிருக்கும் ஒவ்வொரு மெருகூட்டலும் ஒவ்வொரு துளியையும் தொட்டுக் கணக்குப் போட வேண்டும். நன்றாக எழுதிய மென்பொருளுக்கு இது பெரிய சுமையே இல்லை. அரைகுறையாக எழுதியதற்கும், விண்டோஸ் மாறிய பிறகு மாறாத பழையதற்கும்தான் மூச்சு வாங்குகிறது. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏறியபோது பழைய ஆடியோ டிரைவரும் கூடவே ஏறி வந்திருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது மெருகூட்டல்களை நிறுத்துவது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கரின் பெயரைச் சொடுக்குங்கள். ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற வரியில் ‘ஆஃப்’ வையுங்கள். விண்டோஸ் 10-இல் ஸ்பீக்கரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ உள்ளே ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ பக்கத்தில் ‘டிசேபிள் ஆல்’ என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். பக்கத்தின் பெயர் லேப்டாப்புக்கு லேப்டாப் கொஞ்சம் மாறும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தே வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். எண் கண்ணெதிரே விழுந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

மைக்கை விட்டுவிடாதீர்கள். பலர் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆன்லைன் வகுப்பிலும் மீட்டிங்கிலும் மட்டும் லேப்டாப் திணறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மைக் பக்கத்து மெருகூட்டல்தான். ஜூமும் டீம்ஸும் தாங்களே இரைச்சலை வடிகட்டுகின்றன. டிரைவரும் அதையே செய்தால் அரைத்த மாவையே அரைப்பதாகிறது. குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடலாம். ‘இன்புட்’ பகுதியில் மைக்கின் பெயரைச் சொடுக்கி அங்கேயும் ‘ஆஃப்’ வையுங்கள்.

இதனால் எனக்கு என்ன நஷ்டம்? ஸ்பீக்கர் சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்து, தட்டையாகக் கேட்கும். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரை இந்த மென்பொருள்தான் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது. ஹெட்போனில் கேட்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குளிர்ந்த, அமைதியான லேப்டாப்புக்காக இதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. படம் பார்க்கும்போது மட்டும் வேண்டுமென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11-இல் ஸ்பீக்கரின் அதே பக்கத்தில் ‘ஃபார்மட்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அங்கே 192000 ஹெர்ட்ஸ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எண் நல்ல ஒலி தரும் என்று நம்பி யாராவது வைத்திருக்கலாம். அது 48000-ஐப் போல நான்கு மடங்கு துளி; ஒவ்வொரு மெருகூட்டலுக்கும் நான்கு மடங்கு கணக்கு. நீங்கள் கேட்கும் பாட்டும் யூடியூப் படமும் பெரும்பாலும் அந்த அளவில் வருவதில்லை. 48000-க்கு மாற்றிவிடுங்கள், காதுக்கு ஒன்றும் குறையாது.

‘எதுவுமே ஓடவில்லை, அப்போதும் ஏறுகிறதே?’ சத்தம் கேட்கவில்லை என்பதால் ஒலிப்பாதை மூடியிருக்கிறது என்று பொருளில்லை. பிரவுசரில் நிறுத்தி வைத்த ஒரு டேப், பின்னால் ஒளிந்திருக்கும் மீட்டிங் செயலி, இவற்றில் ஏதாவது மைக்கையோ ஸ்பீக்கரையோ பிடித்துக்கொண்டிருக்கலாம். டாஸ்க்பாரில் சின்ன மைக் சின்னம் தெரிந்தால் யாரோ மைக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ‘வால்யூம் மிக்ஸர்’ திறந்தால் ஒலியோடு தொடர்பில் இருக்கும் செயலிகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

அந்த வரியை ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துக் கொன்றுவிடலாமா? கொல்லலாம், ஆபத்தில்லை. சத்தம் நின்றுபோகும், அடுத்து ஏதாவது ஒலிக்கும்போது விண்டோஸ் அதை மறுபடி கிளப்பும். வகுப்பு நடுவே அவசரத்துக்கு உதவும், தீர்வாகாது.

மெருகூட்டலை நிறுத்தியும் எண் இறங்கவில்லையென்றால் டிரைவரையே மாற்ற வேண்டும். உங்கள் லேப்டாப் கம்பெனியின் இணையதளத்துக்குப் போய், அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்து, அங்கே இருக்கும் ஆடியோ டிரைவரை இறக்குங்கள். ரியல்டெக் சிப் என்பதற்காக எங்கிருந்தோ ஒரு ரியல்டெக் டிரைவரைப் போடாதீர்கள். ஒரே சிப்பை ஒவ்வொரு கம்பெனியும் தன் ஸ்பீக்கருக்கும் ஜாக்குக்கும் ஏற்பத் தனியாகப் பொருத்துகிறது. எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிக்கிறோம் என்று விளம்பரம் காட்டும் இலவசச் செயலிகள் பக்கமே போக வேண்டாம்.

கோளாறு அண்மையில் தொடங்கியது என்றால் புதிய டிரைவரே வில்லனாக இருக்கலாம். ஸ்டார்ட் பட்டனில் வலது சொடுக்கிட்டு ‘டிவைஸ் மேனேஜர்’ திறங்கள். ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்’ கீழே உங்கள் ஆடியோவின் பிராப்பர்ட்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ இருக்கும். அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பிவிடும். அங்கேயே இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ, என்விடியா என்று சில பெயர்கள் தெரியும். அவை டிவிக்குக் கேபிள் போடும்போது வேலை செய்பவை, தொட வேண்டாம்.

கடைசி வழி, மைக்ரோசாஃப்ட்டின் பொது டிரைவர். டிவைஸ் மேனேஜரில் உங்கள் ஆடியோவுக்கு ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, தானே தேட விடாமல், கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஒப்பனையும் இல்லாத டிரைவர் இது. உழைப்பு அடியோடு இறங்கும். ஆனால் சில லேப்டாப்களில் உள்ளே இருக்கும் மைக் வேலை செய்யாமல் போகும், ஹெட்போன் செருகியதை அது கண்டுபிடிக்காது. அப்படியானால் ‘ரோல் பேக்’ கொடுத்துத் திரும்பிவிடுங்கள்.

டிரைவரோடு வந்து இறங்கும் துணைச் செயலிகளையும் சும்மா நம்பிவிட வேண்டாம். 2017 மே மாதம் சுவிட்சர்லாந்தின் மோட்ஸீரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. சில ஹெச்பி லேப்டாப்களில் வந்த கோனெக்ஸன்ட் ஆடியோ தொகுப்பில், மைக்கை அணைக்கும் பட்டனைக் கவனிக்க வேண்டிய ஒரு சிறு செயலி, தட்டும் எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு உட்பட. ஹெச்பி பிறகு திருத்தம் வெளியிட்டது. டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்டப்’ பக்கத்தில் உங்களுக்கு வேண்டாத ஆடியோ துணைகள் இருந்தால் ‘டிசேபிள்’ செய்து பாருங்கள். இழப்பு தெரிந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

வேலைக்கு அவசரம், இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஒரு யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகுங்கள். அது பொதுவாக விண்டோஸின் சொந்த யுஎஸ்பி டிரைவரில் ஓடும், லேப்டாப் கம்பெனியின் மெருகூட்டல் அதைத் தொடாது. செருகியதும் எண் இறங்கினால் கோளாறு உள்ளே இருக்கும் ஆடியோ டிரைவரில்தான் என்பதும் உறுதியாகிவிடும்.

டாஸ்க் மேனேஜரில் ஆடியோ பெயரே இல்லாமல் ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ மேலே நிற்கிறதா? வன்பொருளோ அதன் டிரைவரோ பிராசஸரை ஓயாமல் தட்டி எழுப்புகிறது. அது ஆடியோவா என்று அறிய, டிவைஸ் மேனேஜரில் ஆடியோவை ‘டிசேபிள்’ செய்து ஒரு நிமிடம் எண்ணைப் பாருங்கள், பிறகு ‘எனேபிள்’ செய்யுங்கள். இறங்கினால் மேலே சொன்ன வழிகள் பொருந்தும். இறங்கவில்லையென்றால் வைஃபை, யுஎஸ்பி கருவிகளை இதேபோல ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், எதை நிறுத்தியபோது எண் எவ்வளவு இறங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஃபார்மட் அடிக்க வேண்டாம், அந்த டிரைவரை மட்டும் மாற்றுங்கள் என்று கேளுங்கள்.