ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்: கணினியில் சி, டி, இ எழுத்துகள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் முகவரி எழுதுபவர்கள் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். வீடு ஒன்றுதான், எண்தான் இரண்டு. ஒரு கணினியில் இரண்டு இயக்க அமைப்புகளை நிறுவினாலும் இதே நிலைதான். வன்தட்டின் ஒரே பகுதியை ஓர் அமைப்பு ‘டி’ என்று அழைக்கும், மற்றொன்று ‘சி’ என்று அழைக்கும். தெருவில் இதனால் கடிதம் வீடு மாறிப் போகும். கணினியிலோ கோப்புகள் அழிந்துபோகும்.

தென்சென்னையில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கிருந்த ஒரு கணினியின் முதல் பகுதியில் விண்டோஸ் எக்ஸ்.பி. இருந்தது. பின்னர் இரண்டாம் பகுதியில் விண்டோஸ் 7 நிறுவினார்கள். விண்டோஸ் 7-க்குள் சென்று பார்த்தால் அது இருக்கும் பகுதி ‘சி’, பழைய எக்ஸ்.பி. ‘டி’. எக்ஸ்.பி.க்குள் சென்று பார்த்தால் எல்லாம் தலைகீழ்: எக்ஸ்.பி. ‘சி’, விண்டோஸ் 7 ‘டி’. இடப்பற்றாக்குறையால் எக்ஸ்.பி.யை நீக்க முடிவு செய்த ஒருவர், விண்டோஸ் 7-இல் பார்த்து ‘டி-யை அழிக்கவும்’ என்று சீட்டில் எழுதி வைத்தார். மறுநாள் வந்த இன்னொருவர் கணினியை எக்ஸ்.பி.யில் தொடங்கி, சீட்டில் உள்ளபடியே டி-யை ஃபார்மட் செய்தார். விண்டோஸ் 7-இன் முகப்புத் திரையில் சேமித்திருந்த காலாண்டு மதிப்பெண்களும் வினாத்தாள்களும் அதோடு போய்விட்டன. இருவருமே தம் திரையில் பார்த்தபடி சரியாகத்தான் செய்தார்கள்!

டாஸ் காலத்தில் எழுத்து என்பது வெறும் வரிசைதான். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிகளுக்கு உரியவை. வன்தட்டு ‘சி’-யில் தொடங்கும். கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதலில் ஒவ்வொரு வன்தட்டின் முதன்மைப் பகுதிக்கும் எழுத்து கிடைக்கும், அதன் பிறகே உட்பகுதிகளுக்குக் கிடைக்கும். அதனால் இரண்டாவது வன்தட்டு ஒன்றை மாட்டினால் அதன் முதன்மைப் பகுதி ‘டி’ ஆகிவிடும், நேற்றுவரை டி-யாக இருந்தது ‘இ’ ஆகிவிடும். வகுப்பில் புது மாணவர் சேர்ந்ததும் அகரவரிசையில் எல்லோருடைய வரிசை எண்ணும் மாறுவது போலத்தான் இதுவும்.

விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. வந்தபோது இந்த முறை மாறியது. எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில், ‘மவுண்டட் டிவைசஸ்’ என்ற இடத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. இந்தக் குறிப்பு வன்தட்டின் அந்தந்தப் பகுதியில் எழுதப்படுவதில்லை, அந்தந்த விண்டோஸுக்குள்தான் இருக்கிறது. இரண்டு விண்டோஸ் இருந்தால் இரண்டு வருகைப் பதிவேடுகள் என்று பொருள். ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றுக்குத் தெரியாது. மேற்சொன்ன குழப்பத்தின் வேர் இதுதான்.

நிறுவும் முறையாலும் எழுத்து மாறும். விண்டோஸ் 7 முதலான பதிப்புகளை டி.வி.டி. அல்லது பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நிறுவினால், புதிய விண்டோஸ் தான் இருக்கும் பகுதியை ‘சி’ என்றே அழைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து நிறுவலைத் தொடங்கி வேறு பகுதியில் நிறுவினால், பழைய அமைப்பு வைத்திருந்த எழுத்துகளே தொடரும். புதியது ‘டி’-யில் அமரும். எக்ஸ்.பி. நிறுவியவர்களுக்கு இன்னொரு வேடிக்கை நினைவிருக்கும். மெமரி கார்டு ரீடர் பொருத்திய கணினியில் அதன் துளைகள் முன்னெழுத்துகளைப் பிடித்துக்கொள்ள, விண்டோஸ் ‘எஃப்’-இலோ ‘ஜி’-யிலோ போய் உட்கார்ந்துவிடும்.

அப்படி அமைந்துவிட்டால் பிறகு ‘சி’ என்று மாற்ற முயலாதீர்கள். ரெஜிஸ்ட்ரியிலும் மென்பொருள்களின் அமைப்புகளிலும் ஏராளமான இடங்களில் அந்த எழுத்து பதிந்திருக்கும். மாற்றினால் விண்டோஸ் தொடங்காமலே போகலாம். விண்டோஸ் இருக்கும் பகுதியைத் தவிர மற்றவற்றுக்கு ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ வழியாகத் தாராளமாக எழுத்தை மாற்றலாம். ஆனால் அந்த எழுத்தை நம்பி நிறுவிய மென்பொருளோ குறுக்குவழிச் சின்னங்களோ அங்கு இருக்கக் கூடாது.

லினக்ஸில் எழுத்தே கிடையாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயக்க அமைப்பு அது. “சார், பாஸ்ல டி டிரைவே காணோம்” என்று மாணவர்கள் ஓடிவருவார்கள். டிரைவ் எங்கும் போகவில்லை. முதல் வன்தட்டு அங்கே ‘எஸ்.டி.ஏ.’, அதன் பகுதிகள் எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2 என்று எண் பெறும். பழைய எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பகுதிகள் நான்குதான் இருக்க முடியும் என்பதால் உட்பகுதிகளின் எண் எப்போதும் 5-இல் தொடங்கும். எஸ்.டி.ஏ.4 இல்லாமல் எஸ்.டி.ஏ.5 இருப்பதைப் பார்த்து, ஏதோ அழிந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

இன்னொரு வன்தட்டைச் சேர்த்தால் ‘எஸ்.டி.ஏ.’, ‘எஸ்.டி.பி.’ ஆகவும் மாறக்கூடும். அதனால் லினக்ஸ் ஒவ்வொரு பகுதிக்கும் யு.யு.ஐ.டி. என்ற நீண்ட அடையாள எண்ணை நம்புகிறது. இந்த எண் அந்தப் பகுதியிலேயே பதிந்திருக்கும், ஃபார்மட் செய்யும்வரை மாறாது. ‘சி’, ‘டி’ வகுப்பு வரிசை எண் என்றால் யு.யு.ஐ.டி. என்பது எமிஸ் எண். மாணவர் பள்ளி மாறினாலும் அந்த எண் அவருடனேயே போகும்.

எழுத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? பகுதியின் பெயரையும் கொள்ளளவையும் நம்பலாம். பகுதிக்கு நாம் சூட்டும் பெயர் வன்தட்டிலேயே பதிவாகிறது. எந்த இயக்க அமைப்பில் பார்த்தாலும் அதே பெயர்தான் தெரியும். ஆய்வகக் கணினி ஒவ்வொன்றிலும் ‘விண்டோஸ்’, ‘மாணவர்’, ‘ஆசிரியர்’ என்று பெயரிட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். பழுது நீக்க வருபவரிடம் “டி-யை அழியுங்கள்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். “‘பழையது’ என்று பெயருள்ள, 40 ஜி.பி. அளவுள்ள பகுதி” என்று சொல்லுங்கள். விண்டோஸ் கெட்டு, நிறுவல் டி.வி.டி.யிலிருந்து தொடங்கும்போது இது இன்னும் முக்கியம். அந்தத் தற்காலிகச் சூழல் தன்னை ‘எக்ஸ்’ என்று அழைத்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தன் விருப்பப்படி எழுத்து கொடுக்கும். உங்கள் ‘சி’ அங்கே ‘டி’-யாக இருக்கலாம். ‘டிஸ்க்பார்ட்’ கட்டளையில் ‘லிஸ்ட் வால்யூம்’ என்று கொடுத்தால் பெயரும் அளவும் ஒரே பட்டியலில் வரும். அதைப் பார்க்காமல் எதையும் அழுத்த வேண்டாம்.

இரண்டு அமைப்புகளையும் புதிதாக நிறுவுவதானால் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. வரிசை மாறினால் விண்டோஸ் தன் தொடக்க நிரலை மேலே எழுதி, லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் பட்டியை மறைத்துவிடும். நிறுவலுக்குத் தேவையானது தவிர மற்ற பென் டிரைவுகளைக் கழற்றிவிடுங்கள். மதிப்பெண், வருகைக் கோப்புகளின் நகல் அந்தக் கணினிக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் விண்டோஸ், உபுண்டு இரண்டையும் நடத்துகிறோம். அந்தப் பாடத்தின்போது, இரண்டு அமைப்புகளும் உள்ள கணினியில் மாணவர்களை ஓர் அட்டவணை வரையச் சொல்லலாம்: பகுதியின் பெயர், அளவு, விண்டோஸில் அதன் எழுத்து, லினக்ஸில் அதன் எண். நான் செய்துபார்த்தபோது விண்டோஸில் எழுத்தே இல்லாத ஒரு சிறு பகுதியை லினக்ஸ் பட்டியலில் ஒரு மாணவி கண்டுபிடித்தார். கணினி தொடங்கத் தேவையான கோப்புகளுக்காக விண்டோஸ் ஒதுக்கும் 100 எம்.பி. பகுதி அது. யாரும் தவறுதலாகத் திறந்து அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதற்கு எழுத்து தரவில்லை.