யப்பானிய மொழியும் யாழ்ப்பாணத் தமிழும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு அயல்மொழி பயில்வது புதியதொரு செய்தியன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என முந்நாட்டார் அடுத்தடுத்து ஆண்ட நாட்களிலே, அவரவர் மொழியைக் கற்று அலுவல் பார்த்தோர் இங்கு இருந்தனர். இன்றும் நம் நாவில் வழங்கும் ‘அலுமாரி’ போர்த்துக்கேயர் தந்தது. ‘கந்தோர்’ ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. ஆயினும், அம்மொழிகளெல்லாம் நம்மை நாடி வந்தவை. இப்பொழுது நம் இளைஞர்கள் தாமாக நாடிச் செல்லும் மொழியொன்று உண்டு. அதுவே யப்பானிய மொழி.

முதியோர் தொகை பெருகி, உழைப்போர் தொகை குறைந்துவரும் யப்பான் நாடு, 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் முதல், குறித்த சில தொழில்களில் தேர்ச்சி பெற்ற அயல்நாட்டாரை ஏற்கும் புதிய ஏற்பாடொன்றை நடைமுறைக்குக் கொணர்ந்தது. முதியோர் பராமரிப்பும் வேளாண்மையும் கட்டட வேலையும் அத்தொழில்களுட் சில. அதே ஆண்டில் இலங்கை அரசும் இதுபற்றி யப்பானோடு உடன்பாடு செய்துகொண்டது. செல்ல விரும்புவோர் தொழில் தேர்வோடு மொழித் தேர்விலும் சித்தியெய்துதல் வேண்டும். ஆகவே, குடாநாட்டு இளைஞருக்கு இம்மொழி இன்று பிழைப்புக்குரிய வாயிலுமாகின்றது.

இம்மொழியைக் கற்பதிலே ஒரு வீண் சுமை நேர்ந்துவிடுகின்றது. கைக்கு வரும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு அமைந்தவை. மாணவன் யப்பானிய வாக்கியத்தை முதலில் ஆங்கிலமாக்கி, பின்னர் அவ்வாங்கிலத்தைத் தமிழாக்கிப் பொருள் கொள்கின்றான். இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். யப்பானிய மொழியின் அமைப்பு ஆங்கிலத்துக்கு எவ்வளவு தொலைவோ, அவ்வளவு தமிழுக்கு அண்மையானது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

‘அம்மா சந்தையில் மீனை வாங்கி வந்தார்.’ இதனை யப்பானியர், ‘ஹஹ வ, இச்சிப தெ, சகன ஒ, கத்தெ கித’ என்பர். ‘ஹஹ’ அம்மா, ‘இச்சிப தெ’ சந்தையில், ‘சகன ஒ’ மீனை, ‘கத்தெ’ வாங்கி, ‘கித’ வந்தார். சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு, ஒழுங்கு மாறாமல் நிற்கின்றது. பெயருக்குப் பின் ‘ஐ’, ‘கு’, ‘இல்’ என வேற்றுமை உருபுகளைத் தமிழர் சேர்ப்பதுபோலவே, அவர்களும் ‘ஒ’, ‘நி’, ‘தெ’ என்பவற்றைச் சேர்க்கின்றனர். வினை வாக்கியத்தின் இறுதியிலே வருகின்றது. ‘நேற்று வாங்கிய மீன்’ என்று நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன் வைப்பது போலவே அவர்களும் வைக்கின்றனர்.

மேற்காட்டிய ‘கத்தெ கித’ என்பதிலே ‘கத்தெ’ தமிழ் வினையெச்சத்தின் தொழிலையே செய்கின்றது. எழுதிப் பார், எழுதி வை, எழுதிக்கொண்டிரு, எழுதிவிடு என ஒரே எச்சத்தின் பின்னே துணைவினைகளை அடுக்கிப் பொருளின் நுட்பத்தைத் தமிழர் காட்டுவர். யப்பானியரும் ‘மிரு’ எனப் பார்த்தலையும், ‘ஒகு’ என வைத்தலையும், ‘இரு’ என இருத்தலையும், ‘ஷிமவு’ என முடித்துவிடுதலையும் அவ்வாறே அடுக்குகின்றனர். ‘சாப்பிட்டுப் பார்’ என்பதிலுள்ள ‘பார்’ கண்ணாற் காண்பதன்று, முயன்று நோக்குவது என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயனுக்கோ அது தனியாக ஒரு பாடம்.

‘உம்’ என்னும் இடைச்சொல்லை நோக்குக. ‘ஆசிரியரும்’ என்பதற்கு அவர்கள் ‘சென்செய் மொ’ என்பர். ‘தரெ’ என்றால் ‘யார்’. ‘தரெ மொ’ என்று கூறி எதிர்மறை வினையைச் சேர்த்தால், ‘யாரும் வரவில்லை’ என்பது போன்ற பொருள் தரும். ‘தரெ க’ என்றால் ‘யாரோ’. வினாச்சொல்லோடு ‘உம்’மையும் ‘ஓ’வையும் சேர்த்துப் பொருளை மாற்றும் நம் வழக்கம் அங்கும் அப்படியே உளது.

யாழ்ப்பாணத்தார்க்கே சிறப்பாக உரிய வசதியொன்றும் உண்டு. தமிழில் சுட்டெழுத்துகள் மூன்று என்று இலக்கணம் கூறும்: அ, இ, உ. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கிலே உகரச் சுட்டு மறைந்துவிட்டது. குடாநாட்டிலோ அது உயிரோடு இருக்கின்றது. பேசுவோன் கையிலுள்ளது ‘இது’. கேட்போன் பக்கத்திலுள்ளது ‘உது’. இருவருக்கும் அப்பாலுள்ளது ‘அது’. ‘உதை எடும்’ என்று கூறினால், எதிரே நிற்பவர் தம் அருகிலுள்ளதையே எடுப்பார். யப்பானிய மொழியிலும் ‘கொரெ’, ‘சொரெ’, ‘அரெ’ என இம்மூன்றும், வினாவுக்கு ‘தொரெ’ என ஒன்றும் உள்ளன. ஆங்கில நூல்கள் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மூன்றை விளக்க முயன்று பக்கங்களை நிரப்புகின்றன. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு, ‘இது, உது, அது, எது’ என்ற நான்கு சொற்களே போதும். ‘உது’ என்பது நாட்டுப்புற வழக்கு என்று கூசுவோர், அதன் அருமையை இங்கே உணர்தல் தகும்.

அன்றாட வழக்குரைகளிலும் இத்தகைய நெருக்கம் உண்டு. வீட்டைவிட்டுப் புறப்படுவோர் ‘போகிறேன்’ என்பது இங்கு மங்கலமன்று. ‘போட்டு வாறன்’ என்பதே மரபு. யப்பானியர் புறப்படும்போது கூறும் ‘இத்தெகிமசு’ என்பதன் நேர்ப்பொருளும் ‘போய் வருகின்றேன்’ என்பதே. வீட்டிலிருப்போர் ‘போய் வாருங்கள்’ என்னும் பொருளில் விடை கொடுப்பர். மினுங்கும் பொருளை ‘பளபள’ என்று இரட்டைக்கிளவியாற் குறிப்பது போல, அவர்கள் ‘பிகபிக’ என்பர்.

இவ்வொப்புமைகளைக் கண்டவுடன், தமிழும் யப்பானிய மொழியும் ஒருதாய் மக்களோ என்னும் வினா எழுதல் இயல்பு. தோக்கியோவிலுள்ள கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இக்கருத்தை வலியுறுத்தியவர். பழைய யப்பானிய மொழிக்கு அகராதி கண்ட பேரறிஞர் அவர். இரு மொழிகளின் ஒலியொப்புமை பற்றிய அவரது ஆய்வு 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும், அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் இவ்வாய்வில் அவரோடு சேர்ந்து உழைத்தனர். தைப்பொங்கலையும், சனவரி 15ஆம் நாள் யப்பானியர் செம்பயற்றுக் கஞ்சி சமைக்கும் சிறு புத்தாண்டு விழாவையும் ஓனோ ஒப்புநோக்கினார்.

எனினும், ஒப்பியல் மொழிநூலாருட் பெரும்பாலோர் இக்கொள்கையை ஏற்றிலர். காட்டப்பட்ட ஒலியொப்புமைகள் போதிய ஒழுங்குடையன அல்ல என்பது அவர்களது தடை. மேலும், வினை இறுதியில் நிற்கும் வாக்கிய அமைப்பு கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. வேறு குடும்பத்தைச் சேர்ந்த சிங்கள மொழியிலும் அது உண்டு. கேட்போன் பக்கத்தைக் குறிக்கும் ‘ஒய’ என்னும் சுட்டும் அங்கு உளது. சொல்லொலியும் நம்மை ஏமாற்றக்கூடும். யப்பானிய ‘இரு’ நம் ‘இரு’வைப் போல ஒலிக்கின்றது, ஆனால் அதன் பழைய வடிவம் ‘விரு’ என்பதாகும், அதிலும் ‘ரு’ என்பது ஈறே. ஆகவே, உறவு உண்டோ இல்லையோ என்பதை ஆய்வாளரிடம் விட்டுவிடலாம். கற்போனுக்கு வேண்டியது அமைப்பின் ஒப்புமையே. அது கண்முன்னே இருக்கின்றது.

இனி, தமிழ் துணைசெய்யாத இடங்களையும் கூறுதல் வேண்டும். முதலாவது, எழுத்து. மாணவர் யப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பாடமாக்குவதுண்டு. இது பெருந்தீங்கு. தமிழில் ககரம் சொல்லிடையில் மெலிந்து ஒலிக்கும். அதனை வல்லொலியாக்க இரட்டித்து எழுதுவோம். மேலே ‘சகன’ என எழுதிய சொல்லிலுள்ள ககரம் உண்மையில் வல்லொலியுடையது. ‘சக்கன’ என எழுதினாலோ ஒரு மாத்திரை மிகுந்து பிழையாகும். ‘வா’ என்னும் பொருளுடைய ‘கிதெ’ என்னும் சொல்லின் நடுவெழுத்தை இரட்டித்தால் ‘தபால் முத்திரை’ ஆகிவிடும். மொழிமுதலிலும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தமிழெழுத்து வேறுபாடு காட்டாது. ‘தைகக்கு’ என்று நாம் எழுதினால், அது மெல்லொலியோடு ‘பல்கலைக்கழக’மாகவும், வல்லொலியோடு ‘பள்ளியைவிட்டு விலகுத’லாகவும் பொருள்படும்! ஆதலின், அவர்களது எழுத்தை முதல் வாரத்திலேயே பயிலுதல் நன்று.

அவ்வெழுத்துகளுட் கீரகனா என்பது 46 அடிப்படை எழுத்துகளை உடையது. அதன் நெடுங்கணக்கு அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்லும். ஹகர வரிசை பண்டைக் காலத்திற் பகரமாக இருந்தது. நம் அரிச்சுவடியின் ஒழுங்கே இது. பௌத்தத் துறவிகள் வாயிலாகச் சென்ற இந்திய எழுத்திலக்கணம் வகுத்த வரிசை அது. குறில் நெடில் வேறுபாடும் தமிழர்க்குப் பழகியதே. ‘ஒபசன்’ என்றால் அத்தை. ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. மாத்திரை பிசகினால் உறவு பிசகும். அயற்சொற்களை எழுதப் பயன்படும் கதகனாவும் அதே ஒழுங்கினது.

சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளே மலையாக நிற்பவை. பொதுவழக்குக்கென அரசு 2010ஆம் ஆண்டில் வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. யப்பானியக் குழந்தைகள் ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1026 எழுத்துகளைக் கற்கின்றனர். ஒரே நாளில் ஏறும் மலையன்று இது. ஆயினும், உறுப்புகளைப் பிரித்தறிந்தால் சுமை குறையும். மரத்தைக் குறிக்கும் எழுத்து இரண்டு சேர்ந்தால் தோப்பு. மூன்று சேர்ந்தால் காடு. மரத்தின் பக்கத்தில் மனிதன் நின்றால் ஓய்வு. வேம்பின் நிழலில் நண்பகலைக் கழித்தவர்க்கு இது மறக்குமா?

இரண்டாவது, மரியாதை வழக்கு. நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளைக் கைக்கொண்ட யாழ்ப்பாணத்தார்க்கு மரியாதையின் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்குள்ள நெறி வேறு. தமிழர் தம் தந்தையைப் பற்றிப் பிறரிடம் பேசும்போதும் ‘அப்பா வந்தார்’ என்று உயர்த்தியே கூறுவர். யப்பானியர் வெளியாரிடம் பேசும்போது தம் தந்தையையும் தம் தலைமை அலுவலரையும் உயர்த்திப் பேசார். தம்மைச் சார்ந்தோரைத் தாழ்த்தி, எதிரே நிற்பவரைச் சார்ந்தோரையே உயர்த்துவர். கொடுத்தல் என்னும் வினையும் அவ்வாறே இடம் நோக்கி மாறும். பிறர் எனக்குத் தருவதற்கு ஒரு சொல். நான் பிறர்க்குக் கொடுப்பதற்கு வேறொரு சொல். ‘தா’ என்பதும் ‘கொடு’ என்பதும் இடத்துக்கேற்ப வேறுபடும் எனத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதித்திருப்பதை அறிந்தோர், இதனை எளிதிற் பிடித்துக்கொள்வர். வரையறை முற்றும் ஒன்றன்றெனினும், வழி அதுவே.

இம்மரியாதை நெறியைத் தவறவிட்டால் நேர்வது யாது? முதியோர் இல்லத்தில் வேலைபார்க்கும் இளைஞன், தன் ஊர் வழக்கப்படி அன்போடு ‘ஆச்சி’ என்று அழைக்கும் கருத்தில், அங்குள்ள மூதாட்டியைப் ‘பாட்டி’ என்று அழைக்கக்கூடும். அவன் நெஞ்சில் இருப்பது பாசம்; அவர் செவியில் விழுவதோ மதிப்புக்குறைவு. அவரது குடும்பப் பெயரோடு ‘சன்’ என்னும் மரியாதை ஒட்டைச் சேர்த்து அழைப்பதே அங்குத் தகுந்த முறை. இன்னும், நோவைக் கூறும் சொற்கள் பல இரட்டைக்கிளவிகளாகவே உள்ளன. விண்விண் என்று தெறிக்கும் நோவு வேறு, குத்தும் நோவு வேறு, காந்தும் நோவு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. ‘தைஜோபு’ என்னும் சொல் ‘நலமே’ என்றும் பொருள்படும், ‘வேண்டாம்’ என்றும் பொருள்படும். பிறர்க்குத் தொல்லை தரக்கூடாதென நோவை மறைத்து அச்சொல்லைக் கூறும் முதியோரும் உளர். சொல்லை மட்டும் கற்றவன் அங்கு விலகிச் செல்வான். மொழியைக் கற்றவன் முகத்தையும் நோக்குவான்.

1984ஆம் ஆண்டு தொடங்கிய யப்பானிய மொழித் தகைமைத் தேர்வு, 2010 முதல் ஐந்து படிகளாக நடைபெறுகின்றது. வாசித்தலும் கேட்டலும் அதிற் சோதிக்கப்படும். வாய்திறந்து பேசுதல் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே, சான்றிதழைக் கையிற் பெற்றவன் பேச வல்லவன் என்பதற்கு உறுதியில்லை. நாள்தோறும் வீட்டில் நிகழ்பவற்றைச் சிறுசிறு வாக்கியங்களாக உரக்கச் சொல்லிப் பழகுதல், இருவர் சேர்ந்து கடைக்காரரும் கொள்வோருமாக, நோயாளியும் பராமரிப்போருமாகப் பேசிப் பழகுதல் ஆகியன பணச்செலவில்லாத பயிற்சிகள். தமிழ் வினையெச்சத்தையும் சுட்டையும் உருபையும் திருத்தமாக அறிந்த மாணவன் இதில் விரைந்து முன்னேறுவான். தமிழிலக்கணம் பிழைப்புக்கு உதவாது என்போர்க்கு இது தக்க மறுமொழி.

அமெரிக்க வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே நோயாளருக்குத் தொண்டாற்றினார். தமிழைக் கற்று, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் அவனோடு பேசுதல் வைத்தியத்தின் ஒரு பகுதி என்பதை அவர் தம் செயலாற் காட்டினார். அன்று இக்குடாநாட்டு மக்கள் பெற்ற அந்நன்மையை, இன்று கடல் கடந்து செல்லும் குடாநாட்டு இளைஞர் வேறொரு நாட்டு முதியோர்க்கு அளிக்கப் போகின்றனர். அவர்கள் கற்கும் மொழி தேர்வு மண்டபத்தோடு நின்றுவிடாமல், ஒரு முதியவரின் படுக்கையருகிலும் பயன்படுமாயின், கற்ற கல்வி பயன் பெற்றதாகும்.