ஒன்றரை அங்குல இழை

பஞ்சு வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சை எடுப்பார். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து இழுப்பார், சேர்ப்பார், மறுபடி இழுப்பார். இழைகள் ஒரே வாக்கில் படிந்ததும் கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்ப்பார். அவர் அளப்பது இழையின் நீளத்தை. விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.

சாதாரணப் பருத்தியின் இழை ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர். எகிப்தின் கீஸா ரகங்களில் சிறந்தவை, அமெரிக்காவின் பீமா, நம் ஊர் சுவின் போன்றவை 35 மில்லிமீட்டரையும் தாண்டும். ஒரு சென்டிமீட்டர் கூடினால் அப்படி என்ன ஆகிவிடும்? நூல் என்பது இழைகளைச் சேர்த்து முறுக்கியதுதானே. இழை குட்டையாக இருந்தால் முனைகள் அதிகம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனைகள்தாம் துவைக்கத் துவைக்கப் பிசிறாக உதிர்கின்றன, போர்வையில் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரள்கின்றன. நீண்ட இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு மெல்லிசாக நூற்றாலும் எளிதில் அறாது.

சுவின் கோவையில் பிறந்த ரகம். சுஜாதா என்ற ரகத்தையும் கரீபியத் தீவின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து 1970களில் உருவாக்கினார்கள். சுஜாதாவின் 'சு'வும் வின்சென்டின் 'வின்'னும் சேர்ந்ததே சுவின். 120ஆம் நம்பர் போன்ற மிக மெல்லிய நூல்கூட அதில் நூற்கலாம். ஆனால் விளைய மற்ற ரகங்களைவிட அதிக நாள் ஆகும், மகசூலும் குறைவு. உலகத் தரமான பருத்தி நம் மண்ணில் அருகிவருவது வேதனை.

உறையில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப வேண்டாம். எகிப்தியப் பருத்தி என்று விற்ற விரிப்புகளில் வேறு பருத்தி இருந்ததாகச் சொல்லி, 2016இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 'ஆயிரம் த்ரெட் கவுண்ட்', அதாவது சதுர அங்குலத்துக்கு ஆயிரம் நூல், என்பதும் அப்படித்தான். இரண்டு மூன்று புரிகளை முறுக்கிய ஒரு நூலை இரண்டு மூன்றாக எண்ணினால் கணக்கு தானாக ஏறிவிடும்.

நீண்ட இழைப் பருத்தியில் விரிப்பு, துண்டு இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் இருக்கும் பணம் போதும் என்றால், படுக்கை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் செலவழியுங்கள். மெல்லிய நூலின் வழவழப்பை இரவெல்லாம் உடம்பு உணரும். துண்டின் நூல் வளையங்களுக்குத் தடித்த நூலே போதும். நீண்ட இழையால் அங்கே கிடைப்பது முக்கியமாக உழைப்பும் பிசிறின்மையும்தான். எந்தத் துண்டானாலும், துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது இழைமேல் படிந்து, துண்டு ஈரம் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.