முதலில் தேவை கட்டடமா?



சிறுவர் மன்றம் என்றதும் நாம் கேட்பது, “இடம் எங்கே?” என்றுதான்.

1841 டிசம்பர் 8 அன்று, தூரின் நகர ஆலயத்தில் விரட்டப்பட்ட அநாதைச் சிறுவனைப் புனித தொன் போஸ்கோ திரும்ப அழைத்து மறைக்கல்வி தந்தார். அப்படித் தொடங்கிய இளையோர் மன்றத்துக்கு 1846இல்தான் வால்தோக்கோவில் நிலையான கொட்டகை கிடைத்தது. அதுவரை இடம் மாறினாலும் பிள்ளைகள் பெருகினார்கள். அவர் இருந்தார், அதனால் வந்தார்கள்.

நம் மாவட்டத்திலும் கண்டோம். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. பெருந்தொற்றில் படிப்பை இழந்த பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலைதோறும் குடியிருப்புகளிலேயே கற்பித்தார்கள்.

சீடர்கள் தடுத்த பிள்ளைகளை இயேசு அணைத்து ஆசீர்வதித்தார் (மாற்கு 10:13-16). நம் தெருப் பிள்ளைகளுக்கும் முதலில் தேவை, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஒருவர். ஐந்து பேர் ஆளுக்கொரு மாலை தந்தால் வாரம் நிறையும். தருவோமா?