ஆதார் இல்லாத கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: பிரசவ வலியுடன் வரும் பெண்ணை, அடையாள அட்டை இல்லை என்று கூறி அரசு மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது. ஆனால், பிரசவ அறையை அடைவதற்கு முந்தைய மாதங்களில் அட்டை இல்லாத பெண் எங்கே விடுபட்டுப் போகிறார் என்பதே கேரளத்தில் வாழும் புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களின் உண்மையான சிக்கல்.

கேரளத்தில் 25 லட்சத்துக்கும் அதிகமான வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகத் திருவனந்தபுரத்தில் உள்ள குலாத்தி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனத்தின் ஆய்வு 2013-இல் மதிப்பிட்டது. ஆவணமற்றவர் என்றதும் எல்லை தாண்டி வந்தவர் என்று கருதிவிடக் கூடாது. அட்டையைச் சொந்த ஊரில் விட்டு வந்த, அல்லது தொலைத்துவிட்ட இந்தியப் பெண்ணும் பதிவு மேசையின் முன் ஆவணமற்றவரே.

2011 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவம் இலவசம். அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகன வசதி ஆகியவற்றுக்கும் கட்டணம் இல்லை. திருவனந்தபுரத்தின் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கும் தைக்காடு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஆதார் இல்லாததால் எவருக்கும் அத்தியாவசியச் சேவையை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமும் 2017 அக்டோபரில் சுற்றறிக்கை வெளியிட்டது.

இருந்தும் 2022 நவம்பரில், கர்நாடகத்தின் தும்கூரு மாவட்ட மருத்துவமனைக்கு வந்த தமிழ்ப் பெண் ஒருவர், தாய் அட்டையும் ஆதாரும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். வீட்டில் நடந்த பிரசவத்தில் அவரும் இரட்டைக் குழந்தைகளும் உயிரிழந்தனர். மருத்துவரும் செவிலியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். விதி இல்லாததால் நேர்ந்த மரணம் அல்ல இது. விதி பதிவு மேசை வரை சென்று சேராததால் நேர்ந்தது.

கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இத்தகைய மாநிலத்தில் பிரசவத்தைவிட அதற்கு முந்தைய கண்காணிப்பே கவலைக்குரியது. 12 வாரங்களுக்குள் பதிவு, குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்பது நடைமுறை. ஆஷா பணியாளரின் பதிவேடு வீடு வீடாக எழுதப்படுவது. கட்டுமானத் தொழிலாளியின் குடும்பமோ வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்கு மாறிவிடுகிறது. மொழியும் தடையாகிறது. முன்பதிவு இல்லாத பெண் வலியுடன் வந்து சேரும்போது, அவரது ரத்த வகை, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் நிலை எதுவும் மருத்துவருக்குத் தெரியாது.

பண உதவியில் நிலைமை வேறு. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்துக்கு ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு தேவை. கேரள அரசு 2017-இல் கொண்டுவந்த 'ஆவாஸ்' காப்பீடு, அடையாள ஆவணம் காட்டித் தொழிலாளியாகப் பதிவு செய்தவருக்கே உரியது.

வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால்? அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'எந்த நபரும்' என்கிறது. அந்த உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உறுதி செய்தது. எனினும், 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், உள்நோயாளியாகச் சேரும் வெளிநாட்டவர் பற்றி மருத்துவமனை தகவல் தர வேண்டும் என்கிறது. சிகிச்சையை இச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால், பிடிபடுவோம் என்று அஞ்சும் பெண் மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குவார் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

குழந்தையின் நிலையும் இதோடு பிணைந்துள்ளது. மருத்துவமனையில் பிறந்தால் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது அதன் பொறுப்பு மருத்துவரின் கடமை. கால வரம்பு 21 நாள்கள். 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பெற்றோரின் ஆதார் எண்ணை 'இருந்தால்' மட்டுமே கேட்கிறது.